இந்த முறை மூட்டை தூக்கமாட்டேன்

வெள்ளிமலை,
மாசி 3, 1998.

பட்டாளத்து ஆஸ்பத்திரியில் கேப்டனாக இருக்கும் என் பேத்தி கண்ணகிக்கு, ஆயா வெள்ளச்சி எழுதுவது. இங்கு நானும், கறுப்பாடும், அது போட்ட இரண்டு குட்டிகளும் சுகம். அங்கே பனி குறைந்ததா? காதை மூடிக்கொண்டு போகிறாயா?

சாமை இந்த வருஷம் நன்றாக விளைந்தது. உனக்கென்று தனியாக ஒரு பானையில் கட்டி வைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டு இருசம்மாள் புரட்டாசியில் வாங்கிப் போன என் முறத்தை இன்னும் தரவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். ராஜினாமா மனு திரும்பி வந்துவிட்டது என்று எழுதியிருக்கிறாய். பட்டாளம் உன்னை நர்ஸுக்குப் படிக்க வைத்ததற்கு இத்தனை வருஷம் வேலை செய்தாக வேண்டும். நடுவில் விடுவதானால், வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாத பெரியவர் இருக்கிறார் என்று ஊர் அதிகாரி விசாரித்து எழுதவேண்டும். அப்படி விசாரித்ததில், பாட்டி திடமாக இருக்கிறார், யார் உதவியும் வேண்டியதில்லை என்று வந்திருக்கிறது. யார் ஆயா அப்படிச் சொன்னது என்று கேட்டிருக்கிறாய்.

நான்தான் சொன்னேன்.

கோபப்படாமல் படி. கார்த்திகையில் சாமை அடித்துக்கொண்டிருந்த அன்றைக்கு தாலுகா ஆபீஸிலிருந்து விசாரிக்க ஒருவன் வந்தான். பேர் தனசேகரன். மூக்கைப் பார்த்ததும் யார் மகன் என்று தெரிந்துவிட்டது. உனக்கு சாதிச் சான்று வாங்க நான் மலையிறங்கிப் போனபோது, எழுதத் தெரியுமா என்று ஒரு வார்த்தை கேட்காமல் என் கட்டை விரலைப் பிடித்து மையில் அழுத்தினானே ஒரு ஆபீஸ்காரன், அவன் மகன். அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. அந்த அப்பன் போட்டிருந்தது நீலக்கோடு போட்ட சட்டை. நான் மூன்றாம் வகுப்பு படித்தவள். மை நாலு நாளில் போய்விட்டது. எரிச்சல் போகவில்லை.

மகன் களத்தில் நின்றுகொண்டு, "இன்னா ஆயா, தனியாத்தான் இருக்கீங்களா? பாத்துக்க யாரும் இல்லியா?" என்று கேட்டான். எனக்குச் சுருக்கென்றது. "யாரு இல்லன்றது? எம் பேத்தி கேப்டன். அவ ஊசிய எடுத்தா பட்டாளமே கைய நீட்டிக்கினு நிக்கும். எனக்கு இன்னா கொற?" என்று சொல்லிவிட்டு, அவன் பார்க்கட்டும் என்று ஒரு மூட்டை சாமையைத் தூக்கி வீட்டுக்குள் வைத்தேன். அவன் எழுதி முடித்து, பையிலிருந்து மைப் பெட்டியை எடுத்தான். விடுவேனா? பேனாவைப் பிடுங்கி, வெள்ளச்சி என்று கொட்டை எழுத்தில் போட்டேன். "இன்னா எழுதியிருக்குன்னு பாத்துட்டுப் போடுங்க ஆயா" என்றுகூடச் சொன்னான். நான் என் கையெழுத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் உண்டு. உயிரோடு ஒரு பிள்ளை இருக்கும்போது யாருமில்லை என்று சொன்னால் அந்தப் பிள்ளைக்கு ஆகாது. உன் அம்மாவைச் சாகக் கொடுத்துவிட்டு நிற்கிற நான் அப்படி ஒரு சொல்லைச் சொல்வேனா?

இனி, உனக்கு எழுதாமல் விட்டதை எழுதுகிறேன். அன்று சாயங்காலமே இடுப்பு பிடித்துக்கொண்டது. ஒன்பது நாள் எழுந்திருக்கவில்லை. இருசம்மாள்தான் கூழ் கரைத்துக் கொடுத்து, புரட்டிப் போட்டு, எல்லாம் பார்த்தாள். கண்ணகிக்கு எழுதட்டுமா என்றாள். எழுதினால் அவளோடு பேசமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். முறத்தை அவளுக்கே விட்டுவிட்டேன். இப்போது கோல் ஊன்றி நடக்கிறேன், பயப்படாதே.

உன் கடிதம் வந்த மறுநாள் பஸ் ஏறிக் கள்ளக்குறிச்சிக்குப் போய் அந்தத் தனசேகரனைப் பார்த்தேன். மூட்டையையும் சொன்னேன், இடுப்பையும் சொன்னேன், அவன் அப்பன் என் விரலைப் பிடித்ததையும் சொன்னேன். சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. நாற்காலியைத் துடைத்துப் போட்டு டீ வாங்கி வரச் சொன்னான். "எங்கப்பா இப்ப படுத்த படுக்கையாத்தான் இருக்காரு ஆயா. நான்தான் தூக்கி உக்கார வைக்கறேன்" என்றான். பிறகு, "பேத்திய மறுபடி மனு போடச் சொல்லுங்க, நானே மலைக்கு வந்து விசாரிக்கறேன். இந்த வாட்டி மூட்ட தூக்காதீங்க" என்றான். அப்போதுதான் இரண்டு பேரும் சிரித்தோம். டீயை முழுசாகக் குடித்தேன். அதற்காக அவன் அப்பனை விட்டுவிட்டேன் என்று நினைக்காதே. டீ நன்றாக இருந்தது. ஆனால் அந்தத் தம்பி நல்ல தம்பி.

அதனால் மனுவை மறுபடி போடு. பதினெட்டு வயதில் நீ பட்டாளத்துக்கு எழுதிக் கொடுத்த காகிதத்தில், உன் கையெழுத்துக்குப் பக்கத்தில் என் கையெழுத்தும் இருக்கிறது. சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிடாதே, கேட்டு வாங்கிக்கொண்டு வா. அவர்கள் விடுகிற வரைக்கும் படுத்திருக்கிறவர்களை முகம் சுளிக்காமல் பார். படுத்திருப்பது எப்படி என்று எனக்கு இப்போது தெரியும்.

தம்பி மேலே வந்து கேட்டால், யாருமில்லை என்று அப்போதும் சொல்லமாட்டேன். ஒருத்தி இருக்கிறாள், தூரத்தில் இருக்கிறாள், அவள் எனக்கு வேண்டும் என்று சொல்வேன். அதற்குக் கீழே கையெழுத்து கேட்டாலும் சரி, கைநாட்டு கேட்டாலும் சரி, வைக்கிறேன்.

நம் மலைச்சாமி கரியராமர் உன் கூடவே இருக்கட்டும்.

உன் ஆயா,
வெள்ளச்சி