நாலு தடவை வந்த போன்

என்னங்க,

நல்லா இருக்கீங்களா? அத்தைக்கு முழங்கால் வலி தேவலையா? எனக்கு இங்க ஒரு குறையும் இல்ல.

நீங்க ஊர்ல உட்கார்ந்து சலவை மெஷின் கையேடு மொழிபெயர்க்கும்போது ஒரு வார்த்தை இடிச்சா, சலவைக்கூடத்துல நிக்கிற எனக்குத்தானே போன் போடுவீங்க? தினம் நாலு தடவை. நானும் மெஷினைப் பார்த்துட்டு வந்து சொல்லுவேன். இப்ப ஏதோ இணைய அகராதியாம். அர்த்தம், மொழிபெயர்ப்பு, எந்த மேற்கோளை யார் சொன்னாங்கங்கிறது வரைக்கும் நொடியில சொல்லுதாம். போன வாரம் நீங்க அதைப் புகழ்ந்த புகழ்ச்சியில எனக்கு வயிறு எரிஞ்சுபோச்சு. என் சமையலைக்கூட அப்படிப் புகழ்ந்ததில்ல.

அதோட லட்சணத்தைப் பார்ப்போம்னு, நீங்க முதல்முதலா என்கிட்ட கேட்ட வார்த்தையை நேத்து வேலை நடுவுல தேடினேன். பாவி, சரியா சொல்லிடுச்சு! அந்த ஆத்திரத்துல இஸ்திரி மெஷின்ல கை பட்டுடுச்சு. பயப்படாதீங்க, சுண்டுவிரல்ல சின்னக் கொப்புளம்தான். கூட வேலை பார்க்கிற அக்கா களிம்பு போட்டுவிட்டாங்க. "போன்ல என்னத்தடி அப்படிப் பார்த்தே?"ன்னு கேட்டாங்க. சொல்ல வெட்கமா இருந்துச்சு.

நான் சொன்ன வார்த்தையெல்லாம் நீங்க எழுதிவெச்ச நோட்டை அடுத்த பார்சல்ல அனுப்பிடுங்க. உங்களுக்குத்தான் இனி அது வேண்டாமே.

ஒவ்வொரு தடவையும் வார்த்தை கேட்டுட்டு, வைக்கிறதுக்கு முன்னாடி "சாப்பிட்டியா?"ன்னு கேட்பீங்க. இப்ப அந்த நாலு "சாப்பிட்டியா"வும் வார்த்தையோட சேர்ந்தே போயிடுச்சு.

மணி அடிச்சுட்டாங்க, போகணும். வார்த்தையை அதுகிட்டயே கேட்டுக்கோங்க. சாப்பிட்டியான்னு மட்டும் என்கிட்ட கேளுங்க. மதியம் ஒரு மணிக்கு எனக்கு இடைவேளை.

உங்க பழைய அகராதி