லாந்தர் வெளிச்சத்தில் பதினொரு கணக்குகள்

இன்று காலை துறையடியால் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகும்போது ஈர வலையின் மணம் வந்தது. எழுவைதீவிலிருந்து வந்த வள்ளம் ஒன்று அப்போதுதான் கரை சேர்ந்திருந்தது. நனைந்த வலையும் கயிறும் உப்பும் கலந்த அந்த மணத்தில் என் கால் தானாக நின்றுவிட்டது. வள்ளத்துக்குள் யாரையும் தேடவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனாலும் எட்டிப் பார்த்தேன். நீர் போய் எட்டு மாதமாகிறது.

உம்முடைய சட்டையில் எப்போதும் அந்த மணம் இருந்தது. ஊர்காவற்றுறைப் பள்ளிக்கூடத்தில் நாம் இரண்டு பெண்பிள்ளைகளும் சீனியர் சோதனைக்குப் படித்த காலம் அது. நான் துறைக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளை. ஐயா சுங்கக் கந்தோரில் கிளாக்கர். நீர் தினமும் விடியற்காலையில் எழுவைதீவிலிருந்து உம்முடைய தகப்பன் அப்புவின் வள்ளத்தில் மீனோடு வந்து இறங்குவீர். தெரிந்த வீடு ஒன்றில் முகம் கழுவி, சட்டை மாற்றி, மணி அடிக்குமுன் கடைசி வாங்கில் வந்து உட்கார்ந்திருப்பீர். அப்பு மீனை விற்றுவிட்டு மர நிழலில் படுத்தெழும்பி, பின்னேரம் உம்மை ஏற்றிக்கொண்டு போவார்.

அந்த வருடம் எங்களுக்குத் தந்த வீட்டுப்பாடத்தை நினைத்தால் இப்போதும் தலை சுற்றுகிறது. கேத்திரகணிதத்தில் இரண்டு தேற்றம், அட்சரகணிதத்தில் பத்துக் கணக்குக்குக் குறையாது, ஆங்கிலக் கட்டுரை, அதற்கு மேல் சரித்திரம் மனனம். செய்யாமல் வந்தால் வாங்கின் மேல் நிற்கவேண்டும். நான் அதற்குப் பயந்து சாமம் தாண்டியும் விழித்திருந்தேன். நித்திரை வராமலிருக்கக் கால்களைத் தண்ணீர்ச் சட்டிக்குள் வைத்துக்கொள்வேன். பால் விடாத கோப்பி குடிப்பேன். கண் சிவந்து பள்ளிக்கூடம் போவதில் எனக்கு ஒரு பெருமை வேறு. நித்திரையை வென்றவள் என்று நினைப்பு.

அந்தப் பெருமை மாசி மாதத்து வகுப்புச் சோதனையோடு போயிற்று. தேற்றத்தை எழுதிக்கொண்டிருக்கும்போதே என் கண் மூடிவிட்டது. விழித்தபோது பேனை நின்ற இடத்தில் மை ஊறிப் பெரிய வட்டமாகப் பரவியிருந்தது. மணியும் அடித்துவிட்டது. எல்லாரும் போன பிறகு நான் அழுதுகொண்டிருந்தேன். நீர் மட்டும் என் பக்கத்தில் வந்து இருந்து, இரவு எத்தனை மணிக்குப் படுத்தேன் என்று கேட்டீர். இரண்டு மணி என்றேன். அதற்கு முதல்நாள்? அதுவும் இரண்டுதான்.

“அப்ப இண்டைக்குச் சோதனை எழுதினது நீரில்லை. உம்மடை நித்திரைதான் எழுதினது,” என்றீர்.

எனக்குக் கோபம் வந்தது. நீர் ஒருநாளும் வாங்கின் மேல் நின்றதில்லை. உமது முகத்தில் ஒருநாளும் களைப்பைக் கண்டதில்லை. அந்த ஆத்திரத்தில், தீவில் உமக்கு என்ன வேலை கிடக்கிறது, நாள் முழுக்கப் படிக்கலாம்தானே என்று சொல்லிவிட்டேன். நீர் கோபிக்கவில்லை.

“இந்த வெள்ளிக்கிழமை எங்கடை வீட்டை வாருமன். கணக்கும் சேர்ந்து செய்யலாம்.”

அம்மா முதலில் தயங்கினா. மீன்பிடிக்கிற வீட்டில் நம்முடைய பிள்ளை இரவு தங்குவதோ என்பது அவவின் யோசனை. ஐயாதான், படிக்கப் போகிற பிள்ளையை மறிக்கவேண்டாம் என்றார்.

அன்று பின்னேரம் உம்மோடு வந்து இறங்கியதும் நான் கண்டது என் வாயை அடைத்துவிட்டது. நீர் புத்தகத்தை வைத்த கையோடு தண்ணீர் அள்ளப் போனீர். காயப்போட்ட கருவாட்டைக் கூட்டி எடுத்தீர். அடுப்பு மூட்டிச் சோறாக்கி, அப்புவுக்குக் கட்டிக் கொடுத்து, அவரைக் கடலுக்கு அனுப்பினீர். அம்மாவை இழந்த வீட்டில் பதினொரு வயதிலிருந்து நீர்தான் எல்லாம் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. இருட்டியதும் செபம் சொல்லிவிட்டுப் பாயை விரித்தீர். நான் புத்தகத்தைத் திறந்தேன். பதினொரு அட்சரகணிதக் கணக்குகள் கிடந்தன.

“மூடும். இப்ப நித்திரை,” என்றீர்.

சொல்லி முடித்ததும் உறங்கிவிட்டீர். ஊதிய விளக்குப் போல அப்படி ஒரு நித்திரை. நான் முகட்டைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் கிடந்தேன்.

நீர் என்னைத் தட்டி எழுப்பியபோது இன்னும் இருள். அந்த வீட்டில் மணிக்கூடு கிடையாது. எப்படி எழும்பினீர் என்று கேட்டேன். அந்த நேரத்துக்கு நித்திரை தானாக முறியும் என்றீர். லாந்தருக்கு எண்ணெய் விட்டுத் திரியைக் கத்தரித்துக் கொளுத்தினீர். ஒரு கையில் அதுவும் மறுகையில் புத்தகமும் கொப்பியுமாகக் கடற்கரைக்கு நடந்தீர். அங்கே ஒரு பனங்குற்றி நட்டிருந்தது. அதன் உச்சிக் கொக்கியில் லாந்தரைக் கொழுவிவிட்டுக் கீழே சாக்கை விரித்து உட்கார்ந்தீர்.

கரைக்கு முன்னால் கடலுக்குள் நீளத்துக்கு முருகைக்கல் பாறை. அதில் வள்ளம் உள்ளே வர ஒரேயொரு வழி. இருளில் அந்த வழியை அப்புவுக்குக் காட்டுவது இந்த வெளிச்சம்தான். முன்னர் உம்முடைய அம்மா பிடித்த லாந்தர். அவ போன பிறகு உம்முடைய கைக்கு வந்தது. ஆகவே நீர் படித்தது கடலுக்காகக் கொளுத்திய வெளிச்சத்தில்.

அங்கே வைத்துத்தான் அந்தக் கதையைச் சொன்னீர். லாந்தர் கைக்கு வந்த முதல் வருடம், பகலில் வேலை, இரவில் படிப்பு என்று நித்திரையே இல்லாமல் இருந்து பார்த்திருக்கிறீர். ஒருநாள் லாந்தரின் கீழேயே உறங்கிப்போனீர். எண்ணெய் முடிந்து அது அணைந்துவிட்டது. மழையும் பெய்திருக்கிறது. அப்பு வழி தெரியாமல் கல்லுக்கு வெளியே, விடியும் வரைக்கும் வள்ளத்தை அதில் மோதவிடாமல் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். வெளிச்சம் வந்து கரைக்கு வந்தவர் உம்மை ஏசவில்லை. “எண்ணெய் முடிஞ்சுபோச்சுதோ பிள்ளை?” என்று மட்டும் கேட்டாராம்.

“அவர் ஏசியிருந்தால் மறந்திருப்பன். அண்டைக்குத்தான் விளங்கினது. முழிச்சிருக்க வேண்டிய நேரம் முழிச்சிருக்க வேணுமெண்டால், மற்ற நேரம் வடிவாய் நித்திரை கொள்ளவேணும். நித்திரையை ஏமாத்த ஏலாது.”

இதைச் சொன்னபோது உமக்குப் பதினாறு வயது.

பிறகு நீர் கணக்குச் செய்யத் தொடங்கினீர். ஒவ்வொரு கணக்கு முடியவும் தலையைத் தூக்கித் திரியைப் பார்ப்பீர், கடலைப் பார்ப்பீர், மறுபடியும் குனிவீர். நானும் கூட இருந்து செய்வது என்றுதான் வந்தேன். மூன்றாவது கணக்கோடு மணலில் சாய்ந்துவிட்டேன்.

கண் விழித்தபோது கிழக்கு வெளுத்திருந்தது. என் மேல் உம்முடைய போர்வை கிடந்தது. கல்லுக்கு அப்பாலிருந்து ஒரு குரல் கேட்டது. நீர் எழுந்து நின்று பதில் குரல் கொடுத்தீர். வள்ளம் வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டு நேராக, கோடு போட்டது போல, அந்த வழிக்குள் நுழைந்து வந்தது. நான் கோயிலில் கூட அப்படிக் கைகட்டி நின்றதில்லை. உம்முடைய கொப்பி சாக்கின் மேல் திறந்தபடி கிடந்தது. பதினொரு கணக்கும் முடிந்திருந்தன. அடித்தல் திருத்தல் ஒன்றுகூட இல்லை.

அப்பு இறங்கி வந்து என்னைப் பார்த்து, பிள்ளைக்குக் குளிரவில்லையோ என்று கேட்டார். பிறகு என்னைக் கொண்டுபோய் விட மூவருமாக வள்ளத்தில் ஏறினோம். நீர் வலைக்குள் சுருண்டு படுத்து மறுகணமே உறங்கிவிட்டீர். ஊர்காவற்றுறை வரைக்கும் அலை உம்மை ஆட்டிக்கொண்டே வந்தது. நான் உம்முடைய முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். இதுதான் உமக்குக் கிடைக்கிற இரண்டாவது நித்திரை. எங்கள் வீட்டில் எனக்குக் கட்டில், மேசை விளக்கு, கதிரை எல்லாம் இருந்தன. நான் என்ன பெருமை கொண்டாடினேன் என்று வெட்கமாக இருந்தது.

மார்கழியில் சோதனை வந்தது. வாடைக்காற்றில் கடல் கொந்தளிக்கும் காலம். தினமும் வந்து போக ஏலாது என்பதால், பத்து நாளும் உம்மை எங்கள் வீட்டில் வைத்திருக்க அம்மாவே கேட்டா. உம்மைக் கொண்டுவந்து விட்ட அப்புவிடம், லாந்தரை யார் கொளுத்துவார்கள் என்று நான் கேட்டேன். அவர் சிரித்தார்.

“இந்தப் பத்து நாளும் நான் இரவிலை கடலுக்குப் போகமாட்டன் பிள்ளை. நானும் ஒருக்கா நித்திரை கொண்டு பாப்பம்.”

நீர் அப்போது வேறு பக்கம் திரும்பிக்கொண்டீர்.

அந்தப் பத்து நாளும் எட்டு மணிக்குப் புத்தகத்தை மூடுவீர், என்னுடையதையும் மூடுவீர். இங்கே கடலைப் பார்க்க வேண்டிய தேவை இல்லாதபோதும், விடியப்புறம் மூன்று மணிக்கு எழும்பி என்னைத் தட்டுவீர். முதல் இரண்டு நாளும் முணுமுணுத்தேன். மூன்றாம் நாள், முந்தின நாள் படித்த தேற்றம் முழுவதும் நெஞ்சில் அப்படியே நிற்பதைக் கண்டு நானே அதிசயித்தேன். சோதனை மண்டபத்தில் ஒருமுறைகூட என் கண் சொருகவில்லை. நான் சித்தியடைந்தேன். உமக்குக் கணிதத்தில் விசேட சித்தி. பள்ளிக்கூடத்தில் அதை வாசித்தபோது என் பெயர் வந்ததைவிட அதற்கே நான் கூடுதலாகக் கைதட்டினேன்.

நீர் எழுவைதீவிலேயே படிப்பிக்கப் போனீர். பகலில் பிள்ளைகள், விடியப்புறம் லாந்தர். அப்பு கடலை விடும் வரைக்கும் அது தொடர்ந்தது. அந்த மழை இரவுக்குப் பிறகு ஒருநாள்கூட அது அணையவில்லை என்று அவரே என்னிடம் சொன்னார். அதைச் சொன்ன நாளில்தான் நீர் போன செய்தியையும் கொண்டுவந்தார். ஐந்து நாள் காய்ச்சல். எங்கள் வாசலில் நின்று, கதிரையில் இருங்கோ என்றாலும் இருக்காமல், “அவள் கஷ்டப்படேல்லை பிள்ளை. நித்திரையிலைதான் போனவள்,” என்றார். அவரை வழியனுப்பிவிட்டு வந்து, அன்று என்னால் எட்டு மணிக்குப் படுக்க முடியவில்லை. மற்ற நாட்களில் படுக்கிறேன். கல்யாணம், பிள்ளைகள், யுத்தகாலத்துப் பஞ்சம் எல்லாவற்றுக்குள்ளும் அதை மட்டும் விடவில்லை.

நானும் இப்போது படிப்பிக்கிறேன். போன கிழமை என் வகுப்பில் ஒரு பெண்பிள்ளை புத்தகத்தின் மேல் தலையைச் சாய்த்து உறங்கிப்போனாள். வீட்டுப்பாடமும் செய்திருக்கவில்லை. மற்றப் பிள்ளைகள் நான் என்ன செய்யப்போகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளை எழுப்பாமல் பாடத்தை நடத்தினேன். மணி அடித்த பிறகு பக்கத்தில் இருந்து, எத்தனை மணிக்கு எழும்பினாய் என்று கேட்டேன். பயந்து பயந்துதான் சொன்னாள். மாடு, கிணறு, தம்பிமார், அடுப்பு. ஒரு தாளை எடுத்து அவளுடைய நாளை விடியலிலிருந்து வரிசையாக எழுதினோம். அதில் நித்திரைக்கு எங்கே இடம் இருக்கிறது என்று இருவருமாகத் தேடினோம். பின்னேரத்தில் ஒரு மணித்தியாலம் கிடைத்தது. அதைச் சுற்றி அவளே ஒரு கோடு போட்டாள்.

வீட்டுப்பாடத்தை அதற்குப் பிறகுதான் கேட்டேன்.