தொட்டி நிறையும் ஓசை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் சளி இருமல் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருப்பதாக நினைத்துத்தான் பேனாவைத் திறந்திருக்கிறேன். நாங்களும் நலம், எங்கள் வயதுக்கு எவ்வளவு நலம் கிடைக்குமோ அவ்வளவு. நீ பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய புதிதில், கை கழுவிக்கொண்டே ஒரு கேள்வி கேட்டாய், குழாய மூடினதும் தண்ணி எங்கம்மா போய் நிக்கும் என்று. வகுப்பில் எத்தனையோ கேள்விகளைப் பார்த்தவள் நான், முதலில் துண்டால் உன் கையைத் துடைத்துவிட்டேன். பிறகு சொன்னேன், எங்கேயும் போகாது, குழாய்க்கு அந்தப் பக்கத்திலேயே நிற்கும், அதற்குப் பின்னால் இன்னும் கொஞ்சம், அதற்கும் பின்னால் இன்னும் கொஞ்சம், காலையில் வரிசையில் நிற்கிற பிள்ளைகள் மாதிரி, சுவருக்குள்ளேயே ஏறி மொட்டைமாடித் தொட்டி வரைக்கும். அதற்கப்புறம் சில நாள் நீ சுவரைத் தட்டித் தட்டி, நில்லு, நில்லு என்று சொல்லிக்கொண்டு திரிந்தாய். இந்தக் கோடையில் அது அடிக்கடி ஞாபகம் வருகிறது. மதியம் படுத்தால், சுவருக்குள் தண்ணீர் அசையாமல் நிற்கிறது என்ற நினைப்பிலேயே வீடு மெல்ல மிதக்கிற மாதிரி இருக்கிறது, கண் தானாகச் செருகிவிடுகிறது.

ஆனால் தொட்டிக்கு வரும் தண்ணீர்தான் குறைந்துவிட்டது. ஒரு நாள் விட்டு ஒரு நாள், அதுவும் காலையில் மட்டும். அதனால் வீட்டில் பழக்கங்களைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். ஷவருக்கு ஓய்வு கொடுத்தாயிற்று, வாளியும் குவளையும்தான். பல் தேய்க்கும்போது குழாய் மூடியிருக்க வேண்டும். காய்களை ஓடும் தண்ணீரில் காட்டாமல் அகலமான பாத்திரத்தில் அலசுகிறேன், அந்தத் தண்ணீர் பால்கனிச் செடிகளுக்கு. வாஷிங் மெஷின் கடைசியாக அலசிவிடும் தண்ணீரைப் பிடித்து வைத்தால் தரை துடைக்க ஆயிற்று. கேட்கும்போது பெரிய காரியமாகத் தோன்றாது. வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையும் கொஞ்சம் குரலைத் தாழ்த்தினால் அறையே அமைதியாகிவிடும் அல்லவா, அந்த மாதிரிதான் இதுவும். உன் அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, "டீச்சர் வீட்டுல வாழ்க்கப்பட்டா இப்படித்தான், முகம் கழுவறதுக்கும் பாடத்திட்டம் உண்டு" என்றார்.

அப்பாவைப் பற்றித்தான் இந்தக் கடிதமே. அச்சகத்தில் மெஷின் ஓட்டி ஓய்வு பெற்றதிலிருந்து கட்டடத்தின் மோட்டார் அவர் பொறுப்பு என்பது உனக்குத் தெரியும். படிக்கட்டின் மேல் வளைவில் சுவிட்ச், அதன் பக்கத்தில் அவருடைய நாற்காலி, கையில் செய்தித்தாள். தொட்டி எப்போது நிறையும் என்று அவர் எட்டிப் பார்த்ததே இல்லை, காதாலேயே அளப்பார். ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்துப் பார், முதலில் கனமாக விழும் சத்தம் நிறைய நிறையச் சன்னமாகும். தொட்டியும் அப்படித்தான். அது சன்னமாகிற நேரம் பார்த்துச் சட்டென்று அணைப்பார், ஒரு சொட்டு வெளியே வராது. எந்த வீட்டில் விருந்தாளி வந்து தண்ணீர் கூடுதலாகச் செலவானாலும் அவருக்குத்தான் முதலில் தெரியும். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதுதான் அவர் பழைய மனிதராக இருப்பார்.

இந்தக் கோடையில் தொட்டி வழிய ஆரம்பித்தது. ஒரு முறை இல்லை, அடிக்கடி. நான் குவளை குவளையாக மிச்சம் பிடித்ததெல்லாம் ஒரே வழிசலில் சாக்கடைக்குப் போனது. பேப்பரோடு தூங்கிவிடுகிறார் என்று நினைத்துச் சிடுசிடுத்தேன். ஒரு நாள் கீழ்வீட்டுத் தையல்காரி, நீ தையலக்கா என்று கூப்பிடுவாயே அவள்தான், தைத்து முடித்துக் கொடியில் போட்ட துணிகளைச் சொட்டச் சொட்டத் தூக்கிக்கொண்டு மேலே வந்துவிட்டாள். "ஏன் மாமா, காதை எங்கயாவது அடகு வெச்சுட்டீங்களா? என் துணியெல்லாம் ரெண்டாவது தடவ குளிச்சிருக்கு!" என்று ஒரு பிடி பிடித்தாள். அப்பா சிரித்து மழுப்பினார்.

அதற்கடுத்த முறை தண்ணீர் வந்த காலையில் நானே படியேறிப் போனேன். படிக்கட்டு ஜன்னலுக்கு வெளியே தண்ணீர் திரை போல இறங்கிக்கொண்டிருந்தது. வெயில் அதில் பட்டு, சுவரிலும் படியிலும் அப்பாவின் வெள்ளைச் சட்டையிலும் வெளிச்சம் நெளிந்துகொண்டிருந்தது. காதை அடைக்கிற இரைச்சல். அதன் நடுவே, ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, அவர் நிதானமாகப் பக்கத்தைப் புரட்டினார். தூக்கம் இல்லை அம்மாடி. தலையைக் கொஞ்சம் சாய்த்து, அந்தச் சன்னமான சத்தத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தார். நான் போய் சுவிட்சை அணைத்ததும் சுவிட்சின் சின்ன விளக்கு போனதைப் பார்த்துத் திரும்பினார், ஜன்னலைப் பார்த்தார். எப்பலேர்ந்து வழியுது என்று கேட்டார். இப்பத்தான் என்றேன். நனைந்து ஊறிய சுவரை ஒரு தரம் பார்த்துவிட்டு, "நீ எல்லாருக்கும் தாராளமா மார்க் போடுறவளாச்சே" என்றார்.

நீ கூப்பிடும்போதெல்லாம் அம்மாகிட்ட பேசு என்று போனை என்னிடம் தள்ளிவிடுகிறாரே, கோபமா என்று கேட்டாயே, காரணம் இதுதான். காது மருத்துவரிடம் போகலாம் என்றால் பேப்பரை விரித்துக்கொள்வார். இதற்கிடையில் கட்டடத்துச் செயலாளரான மருந்துக்கடைத் தம்பி எல்லாரையும் கூட்டி, தொட்டி நிறைந்தால் தானாக நிற்கிற கருவி ஒன்று மாட்டிவிடலாம், சாருக்கு ஓய்வு கொடுக்கலாம் என்றார். நியாயமான பேச்சுதான், யாரும் மறுக்கவில்லை. அப்பா மோட்டார் அறைச் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார். அந்தக் கை வெறுமையாகத் திரும்பி வந்ததை என்னால் பார்க்க முடியவில்லை. அப்போது தையல்காரிதான் எழுந்தாள். "கருவி மாட்டுங்க, வேணாங்கல. ஆனா நான் கண்ணாடி போட்டுத்தானே ஊசி கோக்கறேன், என்னை யாராவது தைக்காதேன்னு சொன்னீங்களா? மாமா, நீங்க காதுக்கு ஒண்ணு மாட்டிக்கிட்டு வந்து சாவிய எடுத்துக்குங்க. அதுவரைக்கும் இது என்கிட்ட இருக்கும்" என்று சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டாள். நான் இத்தனை நாள் கெஞ்சியது ஏறவில்லை, அவள் மிரட்டியது ஏறியது. மறுநாள் அவராகவே சட்டையை மாட்டிக்கொண்டு, கிளம்பு என்றார்.

கேட்கும் கருவி காதில் ஏறிய முதல் நாள் அவருக்குப் பெரிய அவஸ்தை. பேப்பரைப் புரட்டினால் தகரக் கூரை சரிகிற மாதிரி இருக்கிறதாம், தன் குரலைத் தானே கேட்டுவிட்டு, நான் வாழ்நாள் முழுக்க இப்படிக் கத்தியா பேசியிருக்கேன் என்று கேட்கிறார். மதியம் திடீரென்று, வீட்டுல எங்கயோ தண்ணி ஓடுது என்றார். குழாய்களை எல்லாம் நானே மூடியவள், ஒன்றும் இல்லை என்றேன். அவர் சுவரோரமாக நடந்து கழிவறைக்குப் போய், ஃப்ளஷ் தொட்டிமேல் கையை வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். மூச்சைப் பிடித்து நின்றபோதுதான் எனக்கும் கேட்டது, நூல் போல ஒரு சத்தம். விடைத்தாள் திருத்தியதில் மீந்த சிவப்பு மையைத் தொட்டிக்குள் விட்டேன். யாரும் தொடாமலே கீழே கோப்பையில் சிவப்பு இறங்கி வந்தது. அடி ரப்பர் தேய்ந்து எத்தனை நாளாக ஒழுகியதோ. நான் குவளையும் வாளியுமாக அலைந்த நாளெல்லாம் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. "டீச்சர், உங்க வகுப்புலயே ஒருத்தன் பேசிக்கிட்டிருந்திருக்கான்" என்று அப்பா சிரித்த சிரிப்பு படிக்கட்டு வரை கேட்டிருக்கும். ரப்பரை மாற்றியாயிற்று. சாவியும் திரும்பி வந்துவிட்டது. தானாக நிற்கிற கருவியையும் வாங்கச் சொல்லிவிட்டார், நான் மகளைப் பார்க்கப் போனா இங்க யார் அணைப்பா என்று. அந்தப் பேச்சை நான் இழுத்துப் பிடித்து வைத்திருக்கிறேன்.

நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல், மனம் குளிர்ந்து, நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும். மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசிகள். ஒன்றை மட்டும் மறக்காமல் செய். உங்கள் வீட்டு ஃப்ளஷ் தொட்டியின் மூடியைத் திறந்து, உள்ளே மையோ வேறு ஏதாவது நிறமோ சில சொட்டு விடு, அரை மணி நேரம் யாரும் தொட வேண்டாம், பிறகு கோப்பையை எட்டிப் பார்த்துவிட்டு, நிறம் இறங்கியதா இல்லையா என்பதைப் போன் பண்ணி அப்பாவிடமே சொல்.

என்றும் அன்புடன்,
அம்மா