மடத்துக்குப் போகிறேன் ருக்கு, மறுபடியும்

என் ருக்குவுக்கு,

நீ போய் மூன்று வருஷமாகிறது. நம் பனியன் கம்பெனியில் உன் மிஷினில் இப்போது ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பெண் உட்காருகிறாள். அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இந்தி தெரியாது. பார்க்கும்போதெல்லாம் சிரித்துக்கொள்கிறோம்.

உன்னிடம் முதலில் சொல்ல வேண்டிய செய்தி ஒன்று. வருகிற திங்கட்கிழமை நான் கன்னியர் மடத்தில் சேரப் போகிறேன். மறுபடியுமா என்று நீ கேட்பது காதில் விழுகிறது. ஆமாம், மறுபடியும்தான்.

முதல் தடவை போனபோது எனக்கு இருபத்திரண்டு வயது. கோயம்புத்தூர் பக்கத்து மடம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற்றிவிட வந்தது நீதான். எட்டு மாதம் நன்றாகத்தான் இருந்தேன். பஞ்சுத் தூசியை இழுத்து இழுத்துக் கெட்டுப்போன நெஞ்சு அங்கே காட்டிக்கொடுத்துவிட்டது. காலை ஜெபத்தில் எல்லோரும் பாட, நான் மட்டும் இருமுவேன். மடத்துத் தலைவியான மதர் கூப்பிட்டு, "உடம்பத் தேத்திக்கிட்டு வாம்மா, அப்புறம் பாக்கலாம்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அதனாலேயே வாதாடாமல் பெட்டியைக் கட்டினேன்.

திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தேன். அதே ஓவர்லாக் மிஷின், அதே தோள்பட்டைத் தையல். சூப்பர்வைசர் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "வாங்க சிஸ்டர், சாமி லீவு குடுத்துட்டாருங்களா?" என்றார். லைன் முழுக்கச் சிரித்தது. நீ மட்டும் எழுந்து நின்றாய்.

"ஏனுங்ணா, உங்க புள்ள சீக்கோட ஊட்டுக்கு வந்து நின்னாலும் இப்பிடித்தான் கேப்பீங்களா?"

அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

அடுத்த வருஷம் வேறொரு கன்னியர் சபையிலிருந்து வரச்சொல்லிக் கடிதம் வந்தது. அதே வாரம்தான் அப்பா சாயப்பட்டறையில் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். தம்பி அப்போது பள்ளிக்கூடத்தில். நான் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"நீ போய்ட்டா ஒங்கப்பாவ யாரு தூக்கிவிடுவா? மாதாவா வந்து தூக்குவா?" என்றாள் அம்மா.

நான் போகவில்லை. அடுத்த வருஷம் வருகிறேன் என்று எழுதினேன். அடுத்த வருஷமும் அப்பா படுக்கையில்தான். அவர்களும் எழுதுவதை நிறுத்திவிட்டார்கள். காலையில் அப்பாவைத் துடைத்துவிட்டு மிஷினுக்கு, சாயங்காலம் மிஷினை விட்டு அப்பாவுக்கு. பூசையில், துறவுக்கு ஆள் வர வேண்டுமென்று இறையழைத்தலுக்காக மன்றாடச் சொல்லும்போது தலையைக் குனிந்துகொள்வேன். கூப்பிட்டவரே கதவையும் பூட்டிவிட்டாரா ருக்கு? இதை யாரிடம் கேட்பது?

அப்போதுதான் ஒரு நாள் டீ நேரத்தில் நீ கேட்டாய்: "ஏம்புள்ள, நெசமாச் சொல்லு. சாமியத் தேடிப் போறயா, இந்த மிஷின உட்டு ஓடறயா?"

எனக்கு வந்த கோபம்! பதினோரு நாள் உன்னோடு பேசவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, கத்தரிக்கோல் வேண்டுமென்றால்கூட வேறு யாரிடமோ கேட்டேன். பன்னிரண்டாம் நாள் நீ வேலைக்கு வரவில்லை. மஞ்சள் காமாலை, பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்றார்கள்.

ஓடி வந்தேன். கண்ணெல்லாம் மஞ்சளாகக் கிடந்தாய். "கோச்சுக்கிட்டயா புள்ள?" என்றாய். இல்லையென்று தலையாட்டினேன். "அப்பப் பதிலச் சொல்லு." நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். மறுநாள் நீ இருந்தாய், பேசத்தான் முடியவில்லை. அதற்கு மறுநாள் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கால் தானாக அந்த வார்டுக்குப் போனது. உன் கட்டிலில் வேறு யாரோ. பக்கத்துக் கட்டிலில், பார்க்க ஆளில்லாத ஒருத்தி கஞ்சியைக் குடிக்க முடியாமல் வைத்துக்கொண்டிருந்தாள். ஊட்டிவிட்டேன். அதற்கடுத்த ஞாயிறும் போனேன். தலை வாரிவிடுவேன், துணி மாற்றிவிடுவேன், மூத்திரச் சட்டி எடுப்பேன். நம் கம்பெனியில் நூறு டியூப்லைட்டாவது எரியும். அங்கே அதுகூட இல்லை. ஓடி ஒளிய நினைக்கிறவள் போகிற இடமா அது? ஆனாலும் ஞாயிறு எப்போது வரும் என்று காத்திருந்தேன். திங்கட்கிழமை மிஷினில் உட்கார்ந்தால் பழைய கசப்பு வருவதில்லை. உனக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்ட பதில் எனக்குத் தெரிந்துவிட்டது. சொல்லத்தான் நீ இல்லை.

பிறகும் எதுவும் எளிதாக நடக்கவில்லை. வயது தாண்டிவிட்டது என்று இரண்டு சபையில் சொல்லிவிட்டார்கள். மூன்றாவது, படுக்கையில் கிடப்பவர்களைப் பராமரிக்கும் சின்னச் சபை. எக்ஸ்ரேயில் நெஞ்சில் தழும்பு தெரிந்தது. அந்தச் சபையின் மதர் அதை வெளிச்சத்தில் வெகு நேரம் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஒரு வருஷம் இரு. நாங்களும் பாக்குறோம், நீயும் பாரு" என்றார். அவ்வளவுதான். உறுதியாக ஒன்றும் சொல்லவில்லை.

தம்பிக்கு வேலை கிடைத்துவிட்டது. அப்பா கோலை ஊன்றித் தெருமுனை வரை நடக்கிறார். நான் சொன்னதும், "போயிட்டு வாம்மா" என்றார். அம்மா ஒன்பது நாள் வாய் திறக்கவில்லை. இன்று காலை, வீட்டுக்குக் கொண்டுவந்த பனியன்களில் பிசிறு வெட்டிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்:

"அங்க முடியலன்னா வந்துரு. ஏன் வந்தன்னு நான் கேக்கமாட்டேன்."

ருக்கு, நான் அழுதுவிட்டேன். இத்தனை வருஷத்தில் எனக்கு மூச்சு முட்டாத ஒரு காலை இதுதான்.

பயமாகத்தான் இருக்கிறது. இருமல் முழுக்கப் போகவில்லை. மறுபடியும் அனுப்பிவிட்டால்?

உனக்கு ஒரு சத்தியம் செய்கிறேன். அனுப்பிவிட்டால் ஒரு நாள் அழுவேன். மறுநாள் அடுத்த கதவைத் தட்டுவேன். எந்தக் கதவும் திறக்காவிட்டால், நீ படுத்திருந்த அந்த வார்டில் ஞாயிற்றுக்கிழமைதோறும் என்னைப் பார்க்கலாம்.

கூடப் பிறக்காமலே உன் தங்கையானவள்,
சகாயமேரி