நம்பர் போன பிளாக்

மச்சான்,

எண் குத்தும் அச்சுப் பெட்டியைத் திறந்தேன். பழைய கிரீஸ் மணம் வந்ததும் நீதான் பின்னால் நிற்கிறாய் என்று திரும்பிப் பார்த்துவிட்டேன். உன் ஜனாஸாவை அடக்கம் செய்யக் கொண்டுபோன நாளிலிருந்து இந்தப் பெட்டியை நான் தொடவில்லை. இன்று பயத்தில்தான் தொட்டேன்.

காலையில் சம்மாந்துறைக்காரரின் வேனைப் பொலிஸ் மறித்திருக்கிறது. வேனின் பதிவுப் புத்தகத்தில் ஒரு என்ஜின் நம்பர் இருக்கிறது, என்ஜின் பிளாக்கில் ஒன்றையும் காணவில்லை. கழுவித் துடைத்து அஸர் தொழுகைக்குப் பிறகு கொண்டுவரச் சொன்னார்களாம். வேனை நம் கராஜில் விட்டுவிட்டு, "பிளாக் மாத்தினது நீங்கதானே? களவு என்ஜின் எண்டு என்னப் புடிச்சா என்ட புள்ளையள் என்ன செய்யும்?" என்று கேட்டார் மனிசன்.

கழுவினாலும் நம்பர் வராது. அது உனக்குத் தெரியும். ஜப்பானிலிருந்து வந்த பிளாக்கை, நம்பர் மேல்முகத்து ஓரத்தில் இருப்பதைப் பாராமல், முகத்தைக் கடைந்து சமப்படுத்த லேத்துக்கு அனுப்பியவன் நான். பளபளவென்று வந்தது, நம்பர் மட்டும் இல்லை. நீ ஏசவில்லை. "லேத்துக்கு ஏத்த முன்னமே நம்பர எடுத்துட்டன்டா" என்று, தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தெடுத்த நம்பரைக் காட்டினாய்.

"அப்ப நாமளே குத்திப்போடுவம்" என்றேன்.

"நாம குத்தினா சரியான நம்பரும் கள்ள நம்பர்தான். வாகனம் பதியிற ஒப்பீசுக்குப் போய் உள்ளதச் சொல்லுவம், வா."

நாளைக்கு, நாளைக்கு என்று நான்தான் இழுத்தேன். ஒப்பீஸ் என்றாலே ஏதாவது வேலை சொல்லி நழுவிவிடுவேன். "தொடைநடுங்கி" என்று சிரித்தாய். அந்தக் கிழமையே மௌத்தாகிவிட்டாய். வேன்காரரிடம் எல்லாம் சரி என்று நான் பொய் சொன்னேன்.

இன்றைக்கு அச்சும் சுத்தியலும் இருந்தால் பத்து நிமிட வேலை. பிளாக் வாங்கிய பில்லில் நம்பர் இருக்கிறது, அதைக் குத்தி பில்லோடு காட்டினால் போதும். யார் கண்டது? அச்சுகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தேன். அடியில் அந்தத் தாள் மடித்துக் கிடந்தது.

யா அல்லாஹ்! பயந்தால் நான் எந்தப் பெட்டியைத் திறப்பேன் என்றுகூட உனக்குத் தெரிந்திருக்கிறது மச்சான்.

பென்சில் கறுப்பில் நம்பர் துலக்கமாக இருந்தது. கீழே உன் கோணல் எழுத்து: "கடையக் குடுத்து நம்பர் அழிஞ்சது எங்கட பிழை." உன் கையெழுத்து இருந்தது. பக்கத்தில் எனக்கு இடம் விட்டிருந்தாய்.

அஸர் தொழுதுவிட்டு வந்தேன். பயம் போகவில்லை மச்சான். பொலிசுக்கு என்னையும் கூட்டிப்போக வேன்காரர் வாசலில் காத்து நிற்கிறார். ஒன்றும் குத்தாமலே பெட்டியை மூடிவிட்டேன்.

"எங்கட" என்பதை வெட்டி "என்ட" என்று திருத்தி, நீ விட்ட இடத்தில் கையெழுத்து வைத்திருக்கிறேன்.