அன்பியம் குரூப்பில் போட்ட ஜெபக் கருத்து

சாந்தோம், சென்னை
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் ஷெரிலுக்கு, ஆண்டவர் உன் பக்கத்திலேயே இருக்கட்டும் என்ற ஆசீரோடு அப்பா காஸ்பர் எழுதுவது.

இந்தக் கடிதத்துக்காக மயிலாப்பூர் தபால் ஆபீசுக்குப் போய், வெளிநாட்டுக்கு ஒரு இன்லேண்ட் லெட்டர் கொடும்மா என்று கேட்டுவிட்டேன். கவுண்டரில் இருந்த பெண் பக்கத்து சீட்டைக் கூப்பிட்டு, "யக்கா, அங்கிள் இன்லேண்ட்ல ஏரோப்ளேன் ஏறப் போறாராம்" என்றதும் வரிசையே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். இன்லேண்ட் உள்நாட்டுக்கு மட்டும்தான் என்று தெரியாத இந்த ஆள்தான் இரண்டு நாட்டுப் பேச்சுவார்த்தையைக் கெடுத்தவன் என்று தெரிந்திருந்தால் சிரித்திருக்க மாட்டார்கள்.

ஃபோனில் இனிமேல் எதையும் எழுத வேண்டாம் என்று நீ அம்மாவிடம் சொல்லியனுப்பியதால்தான் காகிதம். நீ தூதரக வேலையில் இருக்கும் நாட்டின் பெயரைக்கூட உள்ளே எழுதவில்லை. உறைமேல் எழுதித்தான் ஆக வேண்டும், அதற்கு என்னால் ஆவது ஒன்றுமில்லை.

அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. நொச்சிக்குப்பத்தில் வஞ்சிரம் வாங்கி வந்தேன். என்னைத் திட்டிக்கொண்டே வறுத்தாள், திட்டிக்கொண்டே பெரிய துண்டை என் தட்டில் வைத்தாள். எனக்குத்தான் இறங்கவில்லை.

நம் கோயில் திருவிழாவுக்கு வர முடியாது என்று நீ ஃபோனில் சொன்ன அன்று, நான் நச்சரித்ததால்தானே காரணத்தைச் சொன்னாய். இங்கே ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர்களை முடக்கிய கும்பல் அந்த நாட்டில்தான் இருக்கிறது, வியாழக்கிழமை அந்நாட்டு அதிகாரிகளோடு பேச உட்காருகிறோம் என்றாய். அந்த நாட்டுக்காரன்தான் செய்தான் என்று ஊரறியச் சொல்லி ஐ.நா.வில் கிழிப்பதுதானே என்று கேட்டேன். "அப்பா, குண்டு விழுந்தா எங்கேருந்து வந்துதுன்னு தெரியும். இதுல அது தெரியாது. நாம வெளியில சொன்னா, அவங்க எங்காளே இல்லன்னு சத்தியம் பண்ணுவாங்க. அப்புறம் அவனுங்கள எப்படிப் புடிச்சிக் குடுப்பாங்க?" என்றாய். எனக்கும் புரிந்தது. பங்குப் பேரவையில் இரண்டு பேருக்குத் தகராறு என்றால் ஃபாதர் பூசைக்குப் பிறகு பீடத்துக்குப் பின்னறையில் உட்காரவைத்துத்தான் பேசுவார். மைக்கில் பெயர் சொல்லிவிட்டால் இரண்டு பேருமே இறங்கி வர மாட்டார்கள்.

புரிந்துகொண்ட நானே மைக்கைப் பிடித்தேன். நம் தெருக் கத்தோலிக்கக் குடும்பங்கள் எல்லாம் இருக்கிற அன்பியம் குரூப்பில், வழக்கம்போல ஜெபக் கருத்து போடுகிறேன் என்று, "என் மகள் ஷெரில் வியாழனன்று நம் ஆஸ்பத்திரிகளை முடக்கிய கும்பலைப் பற்றி அந்நாட்டு அதிகாரிகளோடு ரகசியமாகப் பேசுகிறாள், ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்று நாட்டின் பெயரோடு போட்டேன். யாரிடமும் சொல்லாதே என்றால் அதில் கடவுள் சேர்த்தியா என்று அன்றைக்கு எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். உன் அம்மா இப்போது கேட்கிறாள், "கடவுளுக்கு சொல்றதுக்கு வாட்ஸ்அப் இன்னாத்துக்குய்யா? அவரு உன் குரூப்லயா கீறாரு?" அவள் கேட்பது சரி. அதற்கு முந்தின நாள்தான் அதே குரூப்பில் ஃபிரெட்ரிக் தன் மகனுக்குக் கனடாவில் பிரமோஷன் என்று நன்றிக் கருத்து போட்டிருந்தான். நான் கடவுளிடம் சொல்லவில்லை, ஃபிரெட்ரிக்கிடம் சொன்னேன்.

நான் போட்டதை அவன் தன் மருமகனுக்கு அனுப்ப, அவன் எவனுக்கோ அனுப்ப, சாயங்காலம் ஒரு யூடியூப்காரன் கத்திக்கொண்டிருந்தான். மறுநாள் அந்த நாட்டு மந்திரி, எங்கள் மண்ணில் அப்படி ஒரு கும்பலே இல்லை, பேச்சும் இல்லை என்றுவிட்டார். முப்பது வருஷம் பள்ளிக்கூட லேபில் ஒரு சொட்டு ஆசிட் கொட்டாத கை இது.

டெய்லர் ஷாஹுல் ஹமீது பாயின் சம்சாரத்துக்கு எடுத்த ஸ்கேன் எல்லாம் முடங்கிப்போன ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது. ஆபரேஷன் தள்ளிப்போகிறது. "எவனோ ஒரு கூமுட்ட வாட்ஸ்அப்ல போட்டு காரியத்த கெடுத்துட்டானாமே காஸ்பரு, அவன் மட்டும் கைல கெடச்சான்" என்று கத்திரிக்கோலை ஆட்டினார். ஆமாம் பாய், கூமுட்டைதான் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ பேசியபோது அம்மா ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். அப்பா இருக்காரா என்று கேட்டாய். இல்லை என்று சொல்லும்படி நான் கையை ஆட்டினேன். மருந்து வாங்கப் போயிருக்காரு என்று என்னை முறைத்துக்கொண்டே சொன்னாள். அதற்குப் பிறகு நீ அவளிடம் சொன்னதையெல்லாம் பக்கத்தில் நின்று கேட்டேன். இது ரகசியம் என்று அப்பாவிடம் நான் சொல்லவே இல்லை, அவர்மேல் தப்பில்லை என்று, விஷயம் எப்படி வெளியே போனது என்று உன்மேல் நடக்கிற விசாரணையில் எழுதிக் கொடுத்துவிட்டாயாம். வேலை போனாலும் போகட்டும், இந்த வயசில் அப்பாவை யாரும் கூப்பிட்டுக் கேள்வி கேட்கக் கூடாது என்றாய்.

அந்தப் பேப்பரைத் திரும்ப வாங்கிவிடு, மகளே. அது நிற்கவும் நிற்காது. ரகசியமாக என்று நானே என் கையால் டைப் அடித்திருக்கிறேனே, நீ சொல்லாமல் எனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்க மாட்டார்களா? என்னிடம் சொன்னதே தப்பு என்பார்கள், அதற்கு உள்ளதை நீ ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் என் தப்பையும் சேர்த்து நீ சுமக்காதே. இந்தக் கடிதத்தை விசாரிக்கிற அதிகாரியிடம் கொடு. கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். டெல்லிக்குக் கூப்பிட்டால் டெல்லிக்கு வருகிறேன். இன்லேண்ட் தெரியாதவனுக்கும் ரயில் ஏறத் தெரியும்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. மாதா உன்னைக் காப்பாள்.

அன்றைக்கு ஸ்பீக்கர் பக்கத்தில் நின்றபோது வாய்வரைக்கும் வந்தது, சத்தமாகச் சொல்லவில்லை: "நீ சொன்னே கண்ணு. ஃபோன வெக்கறப்பகூட சொன்னே. நான்தான் கேக்கல."

இப்படிக்கு,
அப்பா
அ. காஸ்பர்