வைக்கோல் இல்லாத ஊர்

செவ்வாய்க் கிரகம், நாள் 611, காலை
மழைக் கட்டுப்பாட்டு அறை. பொறுப்பு: உமையாள். வாரம் ஒரு மழை, வழக்கம்போல். கீழே கண்ணாடிக் கூரைக்குள் கமுதிப் பக்கத்துச் சனம். உருளைக்கிழங்கு விளைகிறது, தின்கிறார்கள், தூங்குகிறார்கள். மண்ணும் மழையும் மனிதரின் பாட்டுகளை எப்படி மாற்றுகின்றன என்று ஆராயப் பூமியில் உள்ள ஆய்வுக்கழகத்தார் என்னை அனுப்பினார்கள். எதை ஆராய, குறட்டையையா?

நாள் 618, மதியம்
பூமியிலிருந்து: "ஒரு பாட்டுகூட வரலையே? அவங்க வறண்ட காட்டுக்காரங்க, உமையாள். காயவிட்டுப் பாருங்க."
நியாயம்தான். மழைக் குழாயை மூடினேன். பழுது என்று கீழே சொல்லிவிட்டேன்.

நாள் 640, காலை
செடி கருகுகிறது. பூமயில் என்பவள் வானத்தைத் திட்டிப் பாடினாள். அடேயப்பா, என்ன வசவு! எல்லா ஒலிவாங்கிகளையும் திறந்துவைத்தேன்.

நாள் 655, மாலை
குடிக்கிற தண்ணீரையும் செடிக்கு ஊற்றியிருக்கிறார்கள், கூறுகெட்ட சனம். பூமயிலின் குழந்தை செத்துப்போனது. அவள் ஒப்பாரி (வானத்தை மானம் என்பார்கள்): "மானம் கருக்கலையே, மகளே, ஒன் தொண்ட நனையலையே."
கேட்டு அழுதேன். பூமிக்கு அனுப்பினேன். பதில்: "அற்புதம்! இன்னும் கொஞ்சம் காயட்டும்."
போதும் என்று குழாயைத் திறக்கப் போனேன். உப்புப் பூத்து இறுகிக் கிடக்கிறது. நான் சொன்ன பொய் பலித்துவிட்டது.

நாள் 658, மதியம்
பழுது பார்க்கக் கூரைக் குழாய்வரை ஏறிய இருளாயி கீழே பேசியது: "பூமயிலு, குழா ஒடையலடி. உள்ள இருந்து மூடிவச்சிருக்கு."

நாள் 659, காலை
கொட்டுச் சத்தம். கொடும்பாவி கட்டப்போகிறார்களாம்! மழை பொய்த்தால் வைக்கோலில் பாவியின் உருவம் செய்து, தெருத்தெருவாக இழுத்து, மாரடித்து, ஊர் எல்லையில் எரிப்பார்கள். செவ்வாயில் இதுதான் முதல்முறை. சந்தோஷத்தில் எல்லா ஒலிவாங்கிகளையும் நேராகப் பூமிக்கே இணைத்துவிட்டேன்.
இருளாயி குரல்: "நெல்லு வெளயாத ஊருல வைக்கோலுக்கு எங்கடி போறது?"
பூமயில்: "வைக்கோலு எதுக்கு?"

அதே நாள்
ஏணியில் ஏறுகிறார்கள். கதவு தாங்காது. குழாயைத் திறக்க முடியவில்லை என்று கத்தினேன், அவர்கள் பாட்டுக்குள் என் குரல் அமுங்கிப்போனது. "மானத்தப் பூட்டுனவ மச்சுல இருக்காடி, உமையாள இழுத்துவந்தா ஊரெல்லாம் நனையுமடி."
நனையாது. ஐயோ, நனையாது, இவர்களிடம் யார் சொல்

நாள் 660. பூமியிலிருந்து வந்தது, தானாகப் பதிவானது
"உமையாள், பாட்டு பிரமாதம். கடைசியில அலறுறது யாரு? அவங்கள இன்னொரு தடவை பாடச் சொல்லுங்க."